வேலை மாறும் சில மாதங்கள்: காப்புறுதி இல்லாத இடைவெளியை எப்படிக் கடப்பது?

எனது தங்கையின் கணவர் சவூதியில் ஒன்பது வருடங்கள் வேலை செய்துவிட்டு 'ஃபைனல் எக்ஸிட்' அடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஊழியர் மருத்துவக் காப்புறுதியில் சேர்ப்பார்கள் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். "மச்சான், இந்த இடைக்காலத்துக்கு ஏதாவது காப்புறுதி எடுக்க வேணுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஆசிரியர், படித்தவன் என்பதால் கேட்டார். நானும் யோசிக்காமல், "ஆறு மாதம்தானே, கண் மூடித் திறக்கப் போயிடும். அதோட காப்புறுதி ஹலாலா ஹராமா என்ற பிரச்சினையும் இருக்கு. அல்லாஹ் காப்பாற்றுவான்" என்றேன்.

மூன்றாவது மாதம் ஓர் இரவு அவருக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. அறையில் கூட இருந்த நண்பர்கள் பயந்துபோய், பக்கத்தில் இருந்த தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். பித்தப்பையில் கல், கிருமித் தொற்றும் ஆகியிருந்தது. ஒபரேஷனும் ஐந்து நாள் தங்கலும் சேர்ந்து பில் நான்கு இலட்சத்தைத் தாண்டியது. வீடு கட்டுவதற்காக வைத்திருந்த காசு ஏற்கனவே அத்திவாரத்துக்குள் போய்விட்டது. தங்கையின் நகைகள் அடகுக்குப் போயின. அதுவும் வட்டிக்கு.

வட்டி கலந்திருக்கும் என்ற பயத்தில் காப்புறுதியைத் தவிர்க்கச் சொன்னவன் நான். கடைசியில் அந்தக் குடும்பம் நேரடியான வட்டிக்குள் போய் விழுந்தது. இன்று அவர் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வசனம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அதில் எமது மக்களுக்குப் பயன்படும் என்று நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

இடைவெளி எங்கே உருவாகிறது?

எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள்தான் அதிகம் உணர்கிறார்கள். ஆகவே எங்களுக்குக் காப்புறுதி என்பது சிகிச்சை கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வி அல்ல. தனியார் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், அல்லது ஸ்கேனையும் மருந்தையும் வெளியில் எடுக்க நேர்ந்தால் அந்தக் காசை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, நோயாளிகள் வெளி ஃபாமசிகளுக்கு அலைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எம்மில் பலருக்கு ஏதோ ஒரு காப்புறுதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தொழிலோடு, படிப்போடு, அல்லது வீசாவோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு அவிழும் நாளில் காப்புறுதியும் முடிந்துவிடும். பலருக்கு அந்த நாள் எதுவென்றே தெரியாது. நான் கண்ட இடைவெளிகள் இவை.

முதலாவது, வேலை மாறும் காலம். கொம்பனிகள் எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்புறுதி வழக்கமாக வேலையின் கடைசி நாளோடு நின்றுவிடும். புதிய இடத்தில் தகுதிகாண் காலம் முடியும்வரை சேர்க்காத நிறுவனங்களும் உண்டு.

இரண்டாவது, வெளிநாட்டில் இருந்து திரும்பும் காலம். சவூதியில் தனியார் துறை ஊழியர்களுக்குத் தொழில் வழங்குநர் மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது சட்டப்படி கட்டாயம். டுபாயில் இதற்கான சட்டம் 2013 இல் வந்தது. ஆனால் அந்தக் காப்புறுதி ஊருக்குக் கூடவே வராது. இங்கிருந்து போகும்போது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதால் கிடைக்கும் காப்புறுதியும் பதிவுக் காலத்தோடு கட்டுண்டது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அதுவும் போய்விடும். அது ஊர் திரும்பிய பிறகு வரும் நோய்களுக்கான முழு மருத்துவக் காப்புறுதியும் அல்ல.

மூன்றாவது, அரச உத்தியோகத்தர் வீடுகளில் பலர் கவனிக்காத ஓர் இடைவெளி. எங்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. திருமணமாகாத உத்தியோகத்தருக்கு அதில் பெற்றோர் அடங்குவார்கள். திருமணமானதும் அந்த இடத்துக்குத் துணைவரும் பிள்ளைகளும் வருவார்கள். அதாவது வீட்டில் கல்யாணம் நடக்கும் அதே நேரத்தில் உம்மாவும் வாப்பாவும் காப்புறுதியில் இருந்து வெளியே போகிறார்கள். அந்த வயதில்தான் அவர்களுக்கு அது அதிகம் தேவை. கல்யாணச் செலவுக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளும் வயது எல்லையைக் கடந்தாலோ, வேலைக்குப் போனாலோ, திருமணம் முடித்தாலோ அதில் இருந்து நீங்குவார்கள்.

நான்காவது, பாடசாலைப் பிள்ளைகள். 'சுரக்ஷா' மாணவர் காப்புறுதி 2017 இல் தொடங்கியது. 2022 இறுதியில் நின்றுபோய், 2024 இல்தான் மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் விளையாட்டுப் போட்டியில் கை உடைந்த ஒரு மாணவனின் தாய் படிவம் கேட்டு வந்தபோது, "இப்ப இல்லையே உம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான். திட்டம் நடைமுறையில் இருக்கும் காலத்திலும், உயர்தரம் எழுதிப் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைக்கு அது இல்லை. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில்தான் எமது இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அதிகம் சுற்றுகிறார்கள். சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, ஓய்வு பெறும் காலம். அக்ரஹார ஓய்வூதியர்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லைகளும் கழிவுத் தொகையும் சேவையில் இருப்பவர்களுக்கு உள்ளது போல் அல்ல. ஓய்வு பெறும் முன்பே பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

குறுங்காலக் காப்புறுதி என்றால் என்ன?

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே உலகில் சில திட்டங்கள் உள்ளன. அமெரிக்காவில் இது ஒரு தனிச் சந்தை. அங்கே அரச வைத்தியசாலை என்ற அடித்தளம் எமக்கு உள்ளது போல் இல்லாததால், வேலை போனவருக்கு ஒரு நாள்கூட காப்புறுதி இல்லாமல் இருப்பது ஆபத்து. வேலையை விட்டவர் பழைய கொம்பனியின் காப்புறுதியையே, முழுச் செலவையும் தானே ஏற்று, பொதுவாக 18 மாதங்கள் வரை தொடரலாம் என்று அங்கு சட்டம் இருக்கிறது. அது விலை கூடியது. ஆகவே பலர் விலை குறைந்த குறுங்காலத் திட்டங்களை நாடுகிறார்கள்.

விலை ஏன் குறைவு? முன்பே உள்ள நோய்களை அது ஏற்பதில்லை. பிரசவம், தொடர்ச்சியான மருந்து போன்றவற்றைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இந்தத் திட்டங்கள் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதே அங்கு அரசியல் சர்ச்சை. 2018 இல் புதுப்பித்தலோடு 36 மாதங்கள் வரை அனுமதித்தார்கள். 2024 இல் வந்த விதி அதை நீடிப்போடு சேர்த்து நான்கு மாதங்களாகச் சுருக்கியது. மக்கள் இதை முழுக் காப்புறுதி என்று நம்பி ஏமாறுகிறார்கள் என்பதுதான் சுருக்கியவர்கள் சொன்ன காரணம். இந்தப் பாடம் எமக்கும் பொருந்தும்.

இலங்கையில் 'மூன்று மாத மருத்துவக் காப்புறுதி' என்று கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். இங்கு தனிநபர் மருத்துவக் காப்புறுதி வழக்கமாக ஒரு வருடப் பொலிசியாகவோ, ஆயுள் காப்புறுதியோடு இணைந்த மேலதிக நன்மையாகவோதான் வருகிறது. குறுங்காலத்துக்குப் பயன்படுத்தக் கூடியவை மூன்று வகை.

ஒன்று, பயணக் காப்புறுதி. நாட்கணக்கில் எடுக்கலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்பது இந்த வகை. உம்ரா வீசாவோடு வரும் காப்புறுதியும் இதே வகைதான். அது அவசர நிலைக்கானது. உம்மாவுக்கு முன்பே உள்ள முழங்கால் வருத்தத்தையோ சீனி வருத்தத்தையோ அங்கு போய்க் காட்டிக் குணமாக்குவதற்கு அல்ல. ஊருக்குள் இருக்கும்போது இதனால் பயன் இல்லை.

இரண்டு, தனிநபர் விபத்துக் காப்புறுதி. விலை குறைவு. மேலே சொன்ன, உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் இளைஞனுக்கு இது பொருத்தம். ஆனால் பித்தப்பைக் கல் விபத்து அல்ல. டெங்கும் விபத்து அல்ல.

மூன்று, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் நாட்கொடுப்பனவுத் திட்டம். கைத்தொலைபேசி மீதியில் இருந்து சிறு தொகை கழித்து நடக்கும் திட்டங்களும் இதில் அடங்கும். பில் எவ்வளவு வந்தாலும் அவர்கள் தருவது அந்த நாட்கூலி போன்ற தொகை மட்டுமே. அரச வைத்தியசாலையில் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு இது உதவும். தனியார் வைத்தியசாலை பில்லுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

எல்லோரும் தவறவிடும் இடம்

நான் விசாரித்ததில் எனக்கே புதிதாக இருந்தது காத்திருப்புக் காலம் பற்றிய விடயம்தான்.

பொலிசி எடுத்த அடுத்த நாளே எல்லா நோய்க்கும் பணம் கிடைக்காது. விபத்துக்கு உடனே கிடைக்கும். நோய் என்றால் முதல் சில வாரங்கள், வழக்கமாக ஒரு மாதமளவு, காத்திருக்க வேண்டும். கற்கள், ஹேர்னியா, கண்புரை, கர்ப்பப்பை சம்பந்தமானவை போன்ற பட்டியலிட்ட சில நோய்களுக்கு அதைவிட நீண்ட காலம் வைத்திருப்பார்கள். முன்பே இருந்த நோய்க்கு இன்னும் கூடுதலாக, அல்லது அறவே இல்லை.

இப்போது எனது மச்சானின் கதையைத் திரும்பிப் பார்ப்போம். அவர் ஊருக்கு வந்த பிறகு அவசரமாக ஒரு வருடப் பொலிசி எடுத்திருந்தாலும், மூன்றாவது மாதம் வந்த பித்தப்பைக் கல்லுக்குப் பணம் கிடைத்திருக்குமா? பெரும்பாலும் கிடைத்திருக்காது. அவர் சவூதியில் இருக்கும்போதே அதை எடுத்திருந்தால்? அப்போதே காத்திருப்புக் காலத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும். அந்தப் பட்டியல் நோய்க்கான காலம் முழுமையாக முடிந்திருக்குமா என்பது எவ்வளவு முன்பாக எடுத்திருந்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே இடைவெளியை இடைவெளி தொடங்கிய பிறகு அடைக்க முடியாது. பழையது முடிவதற்கு முன்பே புதியதைத் தொடங்கி, இரண்டையும் சில மாதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓட விட வேண்டும். அந்தச் சில மாத மேலதிகச் செலவுதான் உண்மையான பாலம்.

இன்னொன்று. குறுங்காலப் பொலிசிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பவர் ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகவே கணக்கிடப்படுவார். முதல் பொலிசிக் காலத்தில் சீனி வருத்தம் கண்டுபிடிக்கப்பட்டால், இரண்டாவது பொலிசிக்கு அது 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். முதலாவதும் முடிந்துவிட்டது, இரண்டாவதும் ஏற்காது. ஆகவே குறுங்காலக் காப்புறுதி, அந்தப் பக்கத்தில் நிரந்தரமான ஒன்று நிச்சயமாகக் காத்திருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டியது. அது நிச்சயமில்லை என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வருடாவருடம் புதுப்பிக்கக் கூடிய பொலிசியை எடுப்பது நல்லது.

மறைக்காதீர்கள்

எமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் கணவருக்கு இப்படி நடந்தது. படிவம் நிரப்பும்போது "சீனி இருக்கென்று எழுதினா பிரீமியம் கூடும், விடுங்க" என்று முகவரே சொல்லியிருக்கிறார். இவரும் விட்டுவிட்டார். பின்னர் காலில் புண் வந்து வைத்தியசாலையில் தங்கியபோது, கிளினிக் கொப்பியில் ஆறு வருடத்துக்கு முந்திய சீனி மருந்து எழுதப்பட்டிருந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த முகவர் அப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார்.

காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் எழுதினால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். முகவர் நிரப்பினாலும் கையொப்பம் எங்களுடையது. ஒரு முஸ்லிமுக்கு இதில் அமானிதம் என்ற பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. உண்மையை எழுதி, அந்த நோய் மட்டும் விலக்கப்பட்ட பொலிசி கிடைத்தால்கூட, ஏனையவற்றுக்கு அது நிச்சயமாக நிற்கும்.

மார்க்க ரீதியான கேள்வி

நான் ஆலிம் அல்ல. தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நான் மச்சானிடம் சொன்னது அரைகுறை அறிவு என்பதை இப்போது விளங்கிக்கொண்டேன்.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இந்த விடயத்தை ஆராய்ந்தது. நிலையான பிரீமியத்துக்கு நடக்கும் வர்த்தகக் காப்புறுதியில் பெருமளவு கரர், அதாவது நிச்சயமின்மை, இருப்பதால் அது கூடாது என்று முடிவு செய்தது. அதே தீர்மானத்தில், நன்கொடையையும் பரஸ்பர உதவியையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்புறுதி அதற்கான மாற்றுவழி என்றும் சொன்னது. நாங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தவர்கள் போல நடந்துகொள்கிறோம்.

அந்த மாற்றுவழியின் பெயர்தான் தகாபுல். சூடானில் 1979 இல் தொடங்கி, மலேசியாவில் 1984 இல் தனிச் சட்டமாகி, இலங்கையில் 1999 முதல் அமானா தகாபுல் மூலம் நடைமுறைக்கு வந்தது. இதில் நாம் கொடுப்பது விலையல்ல, தபர்ருஃ எனும் நன்கொடை. எல்லோரின் நன்கொடையும் ஒரு நிதியில் சேரும். யாருக்குத் துன்பம் வந்தாலும் அந்த நிதியில் இருந்து கொடுக்கப்படும். நடத்தும் கொம்பனி தனது வேலைக்கு ஒரு கட்டணம் எடுக்கும். வட்டிக்கு முதலீடு செய்யக் கூடாது. மிஞ்சினால் பங்காளர்களுக்குத் திரும்பப் பகிரும் ஏற்பாடும் உண்டு.

இது எமக்குப் புதிதா? எமது ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மாதாந்தம் சிறு தொகை கொடுக்கிறோம். எந்த வீட்டில் மௌத் ஆனாலும் கபன் துணி முதல் கபுறு வெட்டுவது வரை சங்கம் பார்க்கிறது. யாரும் அதை வட்டி என்றோ சூது என்றோ சொல்வதில்லை. தகாபுலின் சாரம் அதுவேதான். மௌத்துக்கு ஒன்று சேரத் தெரிந்த நாம், மௌத்துக்கு முந்திய நோய்க்கு ஏன் இன்னும் ஒன்று சேரவில்லை?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். நான் மச்சானுக்குச் சொன்னது கட்டாத ஒட்டகத்தின் தவக்குல்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

வேலையை விடும் முன், தற்போதைய காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிலுவையில் உள்ள கோரிக்கைகளை உரிய காலத்துக்குள் ஒப்படையுங்கள். தள்ளிப்போட்டு வந்த ஸ்கேன், பல், கண் பரிசோதனைகளை அந்தக் காப்புறுதி ஏற்குமாக இருந்தால் முடிந்துவிடும் முன்பே செய்யுங்கள்.

குழுக் காப்புறுதியை நடத்திய நிறுவனத்திடமே, "நான் தனிநபராகத் தொடரலாமா, எனது பழைய காலத்தைக் காத்திருப்புக் காலத்தில் கழிப்பீர்களா?" என்று கேளுங்கள். எல்லோரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்காதவருக்கு ஒருவரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கிடைக்காவிட்டாலும், இத்தனை வருடம் காப்புறுதியில் இருந்தேன் என்ற கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய கொம்பனியில், தகுதிகாண் காலத்திலும் காப்புறுதியில் சேர்க்க முடியுமா என்று நியமனக் கடிதத்தில் கையொப்பம் இடும் முன்பே கேளுங்கள். சம்பளம் பேசும் நாளில் இதைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

பொலிசி எடுக்கும்போது முகவரிடம் இவற்றைக் கேளுங்கள்: நோய்க்கான காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? எந்தெந்த நோய்களுக்குத் தனியாக நீண்ட காலம்? முன்பே உள்ள நோய் என்று எதைச் சொல்கிறீர்கள்? அறை வாடகைக்கு எல்லை உண்டா? வைத்தியசாலைக்கு நேரடியாகக் கட்டுவீர்களா, நான் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா? எந்த வயது வரை புதுப்பிக்கலாம்? பதிலை வாயால் அல்ல, பொலிசிப் பத்திரத்தின் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலையின் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். காப்புறுதி இருக்கும் காலத்தில் தனியாருக்குப் போய், கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள்தான் இடைவெளியில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அவசர நேரத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மச்சானின் நண்பர்கள் அன்றிரவு அந்த இலக்கத்தை அழைத்திருந்தால் அவர் அரச வைத்தியசாலைக்குப் போயிருப்பார். அதே ஒபரேஷன் இலவசமாக நடந்திருக்கும். அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. உங்கள் பிள்ளைகளின் தொலைபேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.

அரச உத்தியோகத்தர்களே, அரச வைத்தியசாலையில் தங்கினாலும் அக்ரஹாரவில் நாளாந்தக் கொடுப்பனவு கேட்கலாம் என்பது எங்கள் ஆசிரியர் அறையிலேயே பலருக்குத் தெரியாது. திருமணம், பிள்ளைப் பேறு போன்ற மாற்றங்களை உரிய முறையில் அறிவியுங்கள். திருமணத்தோடு பெற்றோர் நீங்கினால், அவர்களுக்கு வேறு ஏற்பாடு என்ன என்று சகோதரர்கள் கூடிப் பேசுங்கள். வீட்டில் இன்னும் திருமணமாகாத அரச ஊழியரான தம்பியோ தங்கையோ இருந்தால், அவரின் காப்புறுதியில் பெற்றோரைச் சேர்க்கலாமா என்று பாருங்கள்.

கோரிக்கை அநியாயமாக நிராகரிக்கப்பட்டால் அதோடு விட வேண்டாம். முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். அங்கு முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை.

பள்ளிவாசல்கள் செய்யக் கூடிய ஒன்று

இன்று எமது ஊர்களில் நோயாளிக்கு உதவி என்றால் வட்ஸ்அப்பில் படம் போடுவதும் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரிப்பதும்தான். அதைச் செய்பவர்களுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் ஒரு குடும்பத்தலைவனின் மானம் அதில் போகிறது. பலர் அந்த மானத்துக்குப் பயந்துதான் அடகுக் கடைக்குப் போகிறார்கள். எனது தங்கையும் அப்படித்தான், எனக்கே சொல்லாமல் போனாள்.

ஒரு மஹல்லாவில் 200 வீடுகள் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் மாதத்துக்கு ஒரு இலட்சம். வருடத்துக்கு 12 இலட்சம். வேலை இழந்தவர்கள், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள், காப்புறுதி இல்லாமல் இடையில் நிற்பவர்கள் ஆகியோருக்கு அவசர மருத்துவச் செலவுக்கு இதில் இருந்து உதவியாகவோ கர்ழ் ஹஸனாகவோ கொடுக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் காப்புறுதி நடத்துவது சட்டப்படி முடியாது. ஆகவே "இவ்வளவு கட்டினால் இவ்வளவு தருவோம்" என்ற வாக்குறுதி இல்லாமல், நலன்புரி நிதியாகவே இதை நடத்த வேண்டும். கணக்கைச் சபையில் வைக்க வேண்டும். பெறுபவரின் பெயர் நிர்வாகத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது.

எங்கள் மஹல்லாவில் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். ஜனாஸா சங்கத்தின் கொப்பியிலேயே இன்னொரு நிரலைக் கீறினால் போதும் என்று அதன் தலைவர் சொன்னார். இன்னும் முடிவாகவில்லை.

மச்சானுக்கு இப்போது கொம்பனிக் காப்புறுதி கிடைத்துவிட்டது. அதோடு நிற்காமல், குடும்பத்துக்கென்று தனியாக ஒரு தகாபுல் திட்டத்திலும் சேர்ந்திருக்கிறார். வேலை போனாலும் அது போகாது. நகையில் பாதி மீட்டாயிற்று. மீதி அடுத்த வருடம், இன்ஷா அல்லாஹ். வேலை மாறப் போகும், ஊர் திரும்பப் போகும், கல்யாணம் முடிக்கப் போகும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றிரவே ஒரு கேள்வி கேளுங்கள்: "உன்ட காப்புறுதி எந்தத் திகதியில முடியுது?" எனது மச்சான் என்னிடம் கேட்டபோது நான் முதலில் திருப்பிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.